பதின்மூன்றுக்குக் கீழே

நாலு நாள் காய்ச்சல் விடவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார். லேப்பில் இருக்கும் அக்கா ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் ஒரு சீட்டு கைக்கு வரும். அதில் வரிவரியாக எண்கள் இருக்கும். வீட்டில் எல்லோரும் தேடுவது ஹீமோகுளோபின் வரியைத்தான். டெங்கு பரவும் சமயமாக இருந்தால் தட்டணுக்கள் எவ்வளவு என்று பார்ப்பார்கள். மற்ற வரிகளை யாரும் சீண்டுவதில்லை. அப்படிச் சீண்டப்படாத இரண்டு வரிகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல் வரி ஆர்.பி.சி. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் எத்தனை சிவப்பணுக்கள் இருக்கின்றன என்ற கணக்கு. சீட்டில் 4.6 என்று அச்சாகியிருந்தால் 46 லட்சம் என்று பொருள். ஒரு கன மில்லிமீட்டர் என்பது கடுகை விடச் சின்னத் துளி. அதற்குள் அத்தனை லட்சம்!

இரண்டாவது வரி எம்.சி.வி. ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன் இது. ஒரு லிட்டரை ஆயிரமாகப் பங்கிட்டு, அதில் ஒரு பங்கை மறுபடி ஆயிரமாக்கி, இப்படி ஐந்து முறை செய்தால் கிடைப்பது ஒரு ஃபெம்டோலிட்டர். பெரியவர்களின் சிவப்பணு ஒன்று 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் இருக்கும். சிறுவர்களுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம்.

இவ்வளவு சின்னப் பொருளை எப்படி அளக்கிறார்கள்? அமெரிக்காவில் வாலஸ் கோல்ட்டர் என்றொருவர் இருந்தார். உப்புநீரில் ரத்தத்தைக் கரைத்து, மிக நுண்ணிய துளை வழியாக ஓடவிட்டு, அதே துளை வழியாக மின்சாரத்தையும் செலுத்தினால் என்ன ஆகும் என்று அவர் யோசித்தார். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். சிவப்பணு துளைக்குள் நுழையும்போது அந்த ஓட்டம் ஒரு கணம் தடைபடும். எத்தனை முறை தடைபட்டது என்று எண்ணினால் அணுக்களின் எண்ணிக்கை கிடைத்துவிடும். எவ்வளவு தடைபட்டது என்று அளந்தால் அணுவின் பருமன் கிடைத்துவிடும். அந்த நுண்ணிய துளைக்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? சிகரெட் பெட்டியைச் சுற்றியிருந்த செல்லோபேன் தாளில் சூடான ஊசியால் குத்தினார். 1953இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று உலகம் முழுக்க லேப்களில் மேசைமேல் உட்கார்ந்திருக்கும் செல் கவுண்டர்களில் பல, அந்தத் துளையின் வாரிசுகள்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பேரின் சீட்டுகள் நம் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் சீட்டில் ஹீமோகுளோபின் 10.2, ஆர்.பி.சி. 4.6, எம்.சி.வி. 70. இரண்டாவதில் ஹீமோகுளோபின் 10.8, ஆர்.பி.சி. 5.8, எம்.சி.வி. 62. இரண்டு பேருக்கும் ஹீமோகுளோபின் குறைவு. இரண்டு பேரின் சிவப்பணுக்களும் சின்னவை. பார்த்த மாத்திரத்தில் என்ன சொல்வோம்? "ரெண்டு பேருக்கும் ரத்தசோகை. கீரை சாப்பிடு, கேழ்வரகுக் களி சாப்பிடு, பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாமல் ஒழுங்காக விழுங்கு." தருமபுரிப் பக்கத்தில் களி சாப்பிடச் சொல்லித் தர வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

அவசரப்படாமல் ஒரு வகுத்தல் போட்டுப் பாருங்கள். எம்.சி.வி.யை ஆர்.பி.சி.யால் வகுக்க வேண்டும். முதல் சீட்டுக்கு 70ஐ 4.6ஆல் வகுத்தால் 15.2 வருகிறது. இரண்டாவதற்கு 62ஐ 5.8ஆல் வகுத்தால் 10.7.

வில்லியம் மென்ட்ஸர் என்ற அமெரிக்க மருத்துவர் 1973இல் சொன்ன கணக்கு இது. விடை 13க்கு மேலே இருந்தால் அநேகமாக இரும்புச்சத்துக் குறைவு. 13க்குக் கீழே இருந்தால் தாலசீமியா என்ற பரம்பரை ரத்தநோயின் கேரியராக இருக்கலாம், அடுத்த பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

ஏன் இப்படி? சிவப்பணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. இரும்பு போதவில்லை என்றால் மஜ்ஜைக்கு மூலப்பொருள் தட்டுப்பாடு. அணுக்களும் சின்னதாக வரும், எண்ணிக்கையும் குறையும். தாலசீமியா கேரியருக்கு இரும்பு போதுமான அளவு இருக்கலாம். ஆனால் ஹீமோகுளோபினைச் செய்யும் மரபணுக்களில் ஒன்று சரியாக வேலை செய்வதில்லை. ஒவ்வொரு அணுவும் சின்னதாகிறது. அதை ஈடுகட்ட மஜ்ஜை கூடுதல் அணுக்களைச் செய்து தள்ளுகிறது. சின்ன அணுக்கள், நிறைய அணுக்கள். மேலே உள்ள எண் சிறிது, கீழே உள்ள எண் பெரிது. வகுத்தால் விடை இறங்கிவிடுகிறது. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான், ஆனால் பிரமாதமான கணக்கு.

கேரியர் என்றால் யார்? ஹீமோகுளோபினில் நான்கு புரதச் சங்கிலிகள் இருக்கின்றன. ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு. பீட்டாச் சங்கிலியைச் செய்யும் மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று அம்மாவிடமிருந்து வந்தது, மற்றது அப்பாவிடமிருந்து. ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்படி ஒரு பழுதான பிரதியோடு இருப்பவர்தான் கேரியர். அவர் நோயாளி அல்ல. கபடி ஆடலாம், மலை ஏறலாம், நூறு வயதுவரை வாழலாம். தான் கேரியர் என்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்தவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். இந்தியாவில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் பீட்டா தாலசீமியா கேரியர்கள் என்பது மருத்துவர்களின் கணிப்பு. எல்லாச் சமூகத்திலும் ஒரே அளவில் இல்லை. சிலவற்றில் மிகக் குறைவு, சிலவற்றில் பல மடங்கு அதிகம்.

சிக்கல் எங்கே வருகிறது என்று தெரிய இரண்டு நாணயங்களை எடுங்கள். பூ விழுந்தால் நல்ல பிரதி, தலை விழுந்தால் பழுதான பிரதி. ஒரு நாணயம் அப்பா, இன்னொன்று அம்மா. இரண்டு பேருமே கேரியர்கள். இரண்டையும் சேர்த்துச் சுண்டி, விழுவதைக் குறித்துக்கொண்டே வாருங்கள். நூறு முறை சுண்டினால் ஏறத்தாழ இருபத்தைந்து முறை இரண்டும் பூவாக விழும். ஐம்பது முறை ஒன்று பூ, ஒன்று தலை. அதாவது பெற்றோரைப் போலவே கேரியர். மீதி இருபத்தைந்து முறை இரண்டும் தலை. அந்தக் குழந்தைக்கு நல்ல பிரதியே இல்லை. அதுதான் தாலசீமியா மேஜர். முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டது, அடுத்த மூன்று பேருக்கு வராது என்று சிலர் நினைக்கிறார்கள். நாணயம் போன தடவை என்ன விழுந்தது என்று பார்த்துக்கொண்டு விழுவதில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது.

தாலசீமியா மேஜரோடு பிறக்கும் குழந்தை பிறந்தபோது நன்றாகவே இருக்கும். வயிற்றில் இருக்கும்போது பீட்டாவுக்குப் பதில் காமா என்ற வேறொரு சங்கிலியை வைத்து உடல் ஹீமோகுளோபினைச் செய்துகொள்கிறது. பிறந்த சில மாதங்களில் காமா ஓய்ந்து பீட்டா பொறுப்பேற்க வேண்டும். இங்கே பீட்டா வருவதில்லை. குழந்தை வெளுக்கத் தொடங்கும், பால் குடிக்காது, எடை ஏறாது. பிறகு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றும் ரத்தத்தோடு சேரும் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படிந்துவிடாமல் இருக்கத் தனி மருந்து வேண்டும். இந்தியாவில் ஆண்டுக்குப் பத்தாயிரம் குழந்தைகளுக்கு மேல் இப்படிப் பிறப்பதாகக் கணிக்கிறார்கள். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையால் குணமாக்க முடியும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அதை 1986இலேயே தொடங்கிவிட்டார்கள். ஆனால் பொருத்தமான மஜ்ஜை கிடைக்க வேண்டும், செலவும் பெரிது.

அதனால்தான் கேரியர்களை முன்கூட்டியே கண்டுபிடிப்பது இவ்வளவு முக்கியமாகிறது.

இதில் நம் ஊர் வழக்கம் ஒன்றும் கலந்திருக்கிறது. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் செய்வது தமிழ்நாட்டில் இன்னும் சாதாரணம். தருமபுரி மாவட்டத்திலும் அப்படித்தான். ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்த பழுதான பிரதி மாப்பிள்ளையிடமும் பெண்ணிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். மலைகளில் சின்னச் சின்னச் சமூகங்களாக வாழ்ந்து தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் மக்களுக்கும் இதே நிலைதான்.

மலை என்றதும் இன்னொரு கேள்வி எழும். இப்படி ஒரு பழுது ஏன் தலைமுறை தலைமுறையாக மறையாமல் நிற்கிறது? ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற அறிஞர் 1949இல் ஒரு யோசனை சொன்னார். தாலசீமியா அதிகமாக இருக்கும் இடங்களும் மலேரியா அதிகமாக இருக்கும் இடங்களும் ஒத்துப்போகின்றனவே, கேரியர்களுக்கு மலேரியாவிடமிருந்து கொஞ்சம் பாதுகாப்பு கிடைக்கிறதோ? பின்னால் 1954இல் அந்தோணி அலிசன் என்ற ஆய்வாளர், அரிவாள் செல் கேரியர்களுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இருப்பதை ஆப்பிரிக்காவில் காட்டினார். மலைக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் மலேரியாவுக்குப் பேர்போன இடங்களில் இந்தப் பழுதான பிரதி ஒருவிதக் கவசமாகவும் இருந்திருக்கிறது. ஹால்டேனைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் 1957இல் இந்தியாவுக்கே குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமானார்.

அரிவாள் செல் என்று சொன்னேன் அல்லவா, அது தாலசீமியாவுக்குப் பங்காளி. அங்கே பீட்டாச் சங்கிலி குறைவதில்லை. அதன் ஒரே ஒரு கண்ணி மாறிவிடுகிறது. அந்த ஒரு மாற்றத்தால் சிவப்பணு வளைந்து அரிவாள் வடிவம் எடுத்து, நுண்ணிய ரத்தக்குழாய்களில் சிக்கிக்கொள்கிறது. தாங்க முடியாத வலி வரும். தென்னிந்தியாவில் இதை முதலில் கண்டது நம் நீலகிரியில்தான். ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்குள்ள பழங்குடி மக்களிடம் இதைக் கண்டு 1952இல் எழுதினார்கள்.

அரிவாள் செல் கேரியரைக் கண்டுபிடிக்கும் முதல் சோதனை எளிமையானது. ஒரு குழாயில் தெளிவான மருந்து நீர். அதில் ஒரு சொட்டு ரத்தம். குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட ஒரு தாள். சாதாரண ரத்தமாக இருந்தால் நீர் தெளிவாக நிற்கும், கோடுகள் பளிச்சென்று தெரியும். அரிவாள் செல் ஹீமோகுளோபின் கரையாது. நீர் கலங்கிப்போய்க் கோடுகள் மறைந்துவிடும். கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் இந்தக் குழாய்ச் சோதனையையும் நம்பித்தான் நடக்கிறது. தொடங்கும்போது வைத்த இலக்கு ஏழு கோடி பேரைப் பரிசோதிப்பது. இயக்கம் நடக்கும் 17 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

தாலசீமியாவுக்கும் இதே போல ஒரு கோட்டுத்தாள் சோதனை உண்டு, ஆனால் அது சந்தேகத்தை மட்டும்தான் எழுப்பும். முடிவாகச் சொல்ல எச்.பி.எல்.சி. என்ற கருவி வேண்டும். அது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் வகைகளை ஒரு நெருக்கமான குழல் வழியாகத் தள்ளும். ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும். கணினித் திரையில் பெரிய மேடும் சின்ன மேடுமாக ஒரு வரைபடம் விழும். அதில் ஏ2 என்ற சின்ன மேடு சாதாரணமாக நூற்றில் இரண்டரை, மூன்று பங்கு இருக்கும். நான்கைத் தாண்டினால் பீட்டா தாலசீமியா கேரியர். கருவி விலை அதிகம், அதற்கு ஊற்றும் திரவங்களும் விலை அதிகம். எல்லா ஊரிலும் வைக்க முடியாது.

இந்த இடத்தில் தருமபுரி மாவட்டத்தின் சிட்லிங்கியை நினைத்துப் பாருங்கள். அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகப் போனால் கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தாக்கு. மலையாளி என்ற பழங்குடி மக்களும் லம்பாடி மக்களும் வாழும் இடம். 1993இல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதியர் இங்கே ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். அவர்கள் வந்தபோது பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. பள்ளத்தாக்கின் பெண்களுக்கே செவிலியராகவும் ஊர் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்சி கொடுத்தார்கள். காலப்போக்கில் அந்த 147, இருபதுகளுக்கு இறங்கிவிட்டது. பெரிய கருவிகளால் நடந்த மாற்றம் அல்ல அது. ஊர்க்காரப் பெண்கள் வீடு வீடாகப் போய், எடை பார்த்து, பேசி, சரியான ஆளைச் சரியான நேரத்தில் மருத்துவமனைக்கு அனுப்பியதால் நடந்தது.

அப்படிப்பட்ட மலைக் கிராமங்களில் கேரியர்களைத் தேடும்போது கணினி கைகொடுக்கிறது. எல்லோருடைய ரத்தத்தையும் எச்.பி.எல்.சி.க்கு அனுப்ப வேண்டாம். செல் கவுண்டர் சீட்டை மட்டும் எல்லோருக்கும் எடுத்து, சந்தேகமானவர்களை மட்டும் பிரித்து அனுப்பினால் போதும். அந்தப் பிரிக்கும் வேலைக்கு மென்ட்ஸர் கணக்கு ஒன்றே போதாதா என்று கேட்பீர்கள். போதாது. இரும்புச்சத்துக் குறைவும் கேரியர் நிலையும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்கலாம். அப்போது வகுத்தல் குழம்பிவிடும், சில சமயம் எச்.பி.எல்.சி.யின் ஏ2 மேடுகூடக் கொஞ்சம் தாழ்ந்துவிடும். நம் ஊர்களில் இரும்புச்சத்துக் குறைவு எவ்வளவு சாதாரணம் என்பது உங்களுக்கே தெரியும்.

சீட்டில் இன்னும் சில எண்கள் இருக்கின்றன. அணுவின் பருமன் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டும் ஆர்.டி.டபிள்யூ. அவற்றில் ஒன்று. இரும்பு குறைந்தவரின் அணுக்கள் சின்னதும் பெரிதுமாகக் கலந்து கிடக்கும். கேரியரின் அணுக்கள் பெரும்பாலும் ஒரே அளவாகச் சின்னதாக இருக்கும். இப்படி ஏழெட்டு எண்களை ஒரே நேரத்தில் சேர்த்துப் பார்க்க மனிதருக்குச் சிரமம், கணினிக்குச் சுலபம். செல் கவுண்டர் சீட்டும் எச்.பி.எல்.சி. முடிவும் இரண்டுமே தெரிந்த ஆயிரக்கணக்கானவர்களின் விவரத்தைக் கணினிக்குக் கொடுக்கிறார்கள். எந்த எண் எப்படி இருந்தால் கேரியர் என்று அதுவே விதிகளைத் தேடிக்கொள்கிறது. பிறகு புதுச் சீட்டைக் கொடுத்தால், இவரை அடுத்த பரிசோதனைக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று சொல்லும். சண்டிகரின் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தாரும் மேற்கு வங்காள ஆய்வாளர்களும் டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து இப்படி ஒரு முறையை 2020இல் வெளியிட்டார்கள். வங்காளத்திலும் வடகிழக்கிலும் அதிகமாகக் காணப்படும் ஹீமோகுளோபின் ஈ கேரியர்களையும் அது தேடுகிறது.

கணினி தப்புச் செய்யாதா? செய்யும். இரண்டு விதமாகச் செய்யும். கேரியர் அல்லாதவரைச் சந்தேகப்படலாம். கேரியரைத் தவற விடலாம். இரண்டும் ஒரே மாதிரித் தப்பு அல்ல. ஒரு பேச்சுக்கு ஆயிரம் மாணவர்கள், அதில் நாற்பது கேரியர்கள் என்று வையுங்கள். கணினி இருநூறு பேரைப் பிரித்துக் கொடுக்கிறது, அந்த நாற்பது பேரும் அதற்குள் இருக்கிறார்கள். நூற்று அறுபது பேருக்கு வீணாக ஒரு பரிசோதனை, அவ்வளவுதான். ஆயிரம் பரிசோதனை இருநூறாகக் குறைந்தது லாபம். இன்னொரு கணினி ஐம்பது பேரை மட்டும் பிரித்துக் கொடுக்கிறது, ஆனால் பத்து கேரியர்களைக் கோட்டை விட்டுவிடுகிறது. பார்க்கச் சிக்கனம். என்னைக் கேட்டால் முதல் கணினிதான் கெட்டிக்காரக் கணினி. தவற விடப்பட்ட அந்தப் பத்து பேரும் "எனக்கு ஒன்றும் இல்லை" என்ற நம்பிக்கையோடு வீட்டுக்குப் போவார்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இந்தக் கணினி யாருடைய ரத்தத்தைப் பார்த்துப் பாடம் படித்தது? சண்டிகர் சீட்டுகளைப் பார்த்துக் கற்ற விதி சித்தேரி மலைக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே எச்.பி.எல்.சி. செய்தவர்களின் சீட்டுகளை வைத்து முதலில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முடிவு வந்த பிறகு நடப்பதைக் கணினியால் செய்ய முடியாது. கிரேக்க நாட்டில் ஆர்கோமெனோஸ் என்ற ஊரில் அரிவாள் செல் கேரியர்கள் நிறைய. அங்கே ஊர் முழுக்கப் பரிசோதித்து, யார் யார் கேரியர் என்று சொல்லி, கேரியரும் கேரியரும் திருமணம் செய்துகொள்ளாதீர்கள் என்று அறிவுரையும் கொடுத்தார்கள். சில ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது அப்படிப்பட்ட திருமணங்கள் குறையவே இல்லை. கேரியர் என்றால் ஏதோ குறை உள்ளவர் என்று ஊர் ஒதுக்கத் தொடங்கியிருந்தது. அதனால் பலர் முடிவை மறைத்துவிட்டார்கள். பரிசோதனையில் பிழை இல்லை. 1974இல் இந்த அனுபவம் வெளியானது.

சைப்ரஸ் தீவு வேறு வழியில் போனது. அங்கே ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் தாலசீமியா கேரியர். திருமணம் செய்ய வருபவர்களிடம் பரிசோதனைச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னது தேவாலயம். அந்தச் சான்றிதழில் இருவரும் பரிசோதனை செய்து ஆலோசனை பெற்றார்கள் என்று மட்டும்தான் இருக்கும். முடிவு என்ன என்று இருக்காது. அது அந்த இருவருக்கு மட்டும் தெரியும். இருவரும் கேரியர் என்றாலும் பலர் திருமணம் செய்துகொண்டார்கள். கர்ப்ப காலத்தில் குழந்தைக்குப் பரிசோதனை செய்யும் வசதி அவர்களுக்கு இருந்தது. நோயோடு பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது.

பள்ளிகளில் இப்படிப் பரிசோதனை செய்யும்போது முடிவை வகுப்பில் சத்தமாகப் படிக்கக் கூடாது, பெயர்ப்பட்டியலைச் சுவரில் ஒட்டக் கூடாது என்பது இதனால்தான். உங்கள் முடிவு உங்களுக்கும் வீட்டுக்கும் உங்களைப் பார்க்கும் டாக்டருக்கும் மட்டும் உரியது. கேரியர் என்று வந்தால் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் ஒவ்வொருவரும் கேரியராக இருக்கக் குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் யாராவது ஹீமோகுளோபின் குறைவைப் பார்த்து நீண்ட நாளுக்கு இரும்பு மாத்திரை எழுதினால் அதைக் காட்டலாம். அவர் இரும்பின் அளவைத் தனியாகப் பரிசோதித்துவிட்டு முடிவு செய்வார். அதுவரை பள்ளியில் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.